நூற்று எண்பத்தேழாவது இடம்

அன்று மண்டபத்தின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணனும் என் மச்சானுமான டமாரம், என் தம்பி மகள், மண்டப மேலாளர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற உறவினர்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

எங்கள் குடும்பத்தார் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து சாப்பிடுவது அதுவே முதல் தடவை. யாருக்கு எந்த மேசை என்று போனில் பார்த்துக்கொள்ளத் தம்பி மகள் ஓர் ஆப் செய்திருந்தாள். அவளும் ஒரு தோழியும் தொடங்கியிருந்த நிறுவனத்துக்கு அதுதான் முதல் வேலை. ஒழுங்காக நடந்தால் மண்டபத்தின் எல்லா விழாக்களையும் அவர்களுக்கே தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் நிறுவனத்தை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போவதாக அவள் தன் தகப்பனிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

அவரவர் இடம் மட்டும் அவரவருக்குத் தெரியும்படிதான் முதலில் செய்திருந்தாள். நான் சம்மதிக்கவில்லை. வரிசை என்பது நாலு பேர் பார்ப்பதற்கு. யார் திறந்தாலும் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை தெரிய வேண்டும் என்றேன். யார் பெரியவர் என்று பார்த்து வரிசையையும் நானே வகுத்தேன். அன்று காலைவரை முப்பத்தொரு திருத்தங்கள் செய்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு எல்லாப் போன்களிலும் ஒரே வாக்கியம் வந்து நின்றது: ‘இன்றைய ஒதுக்கீடு முடிந்துவிட்டது.’

“யாருடைய ஒதுக்கீடு?” என்று கேட்டேன்.

“நம்மளோடதுதான் பெரியப்பா. பட்டியல் இருக்கிறது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட கிளவுட் டேட்டாபேஸ்ல. நாம இலவசமா வச்சிருக்கோம். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பெயர் படிச்சுத் தருவான். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டான்.”

“நம்ம குடும்பத்துக்கு அளவு வைக்க அவன் யாரு?”

“நீங்க கேட்ட மாதிரி ஒருத்தர் ஒரு தடவை திறந்தா நானூத்திப் பன்னண்டு பேரும் வருது. நூத்தி இருபத்தோரு தடவையோட தீர்ந்துபோச்சு.”

“யார் இத்தனை தடவை திறந்தது?”

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மச்சான் மட்டும் அறுபத்து நான்கு தடவை. அடுத்து நான், இருபத்தாறு. என்னுடையது மேற்பார்வை.

பணம் கட்டினால் உடனே திறக்குமாம். ஆனால் கணக்கு தோழியின் பெயரில் இருந்தது. தோழி விமானத்தில் இருந்தாள். இல்லையென்றால் அந்தக் கம்பெனி இருக்கும் ஊரில் நாள் மாற வேண்டும். நமக்கு அது மதியம் ஒன்றரை. சாப்பாடோ பன்னிரண்டரைக்கு. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு டமாரம் வந்தார். அந்தப் பெயர் அவருடைய குரலுக்கு வைத்தது.

“மாப்பிள்ளை! எல்லார் போனும் படுத்துடுச்சாம்ல? என் போன்ல பட்டியல் ஜம்முனு நிக்குது! கடைசியாத் திறந்ததை இன்னும் மூடலையே நான். காலையிலேருந்து திறந்து திறந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிட்டிருக்கேன், என்னை எங்க போட்டிருக்கீங்கன்னு!”

தம்பி மகள் துள்ளி எழுந்தாள். “மாமா! மேலேருந்து கீழே இழுத்துடாதீங்க! இழுத்தா புதுசா கேக்கும், இருக்கிறதும் போயிடும்! கொடுங்க இப்படி.”

“ஒருத்தரும் தொடக்கூடாது. நான் நூத்தி எண்பத்தேழாவது ஆளுதானே, என் போன் எதுக்கு உங்களுக்கு?”

அவரைவிட நான்கு வயது இளைய பங்காளியை நூற்று எண்பத்தாறில் வைத்திருந்தேன். காரணம் உண்டு, அது இங்கே தேவையில்லை.

“பத்து வருஷம் முன்னாடி இவர் சட்டையைப் பாத்து நீ சிரிச்சேல்ல, அதான்ணே,” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மாமா, நாலு பர்சென்ட் சார்ஜ்தான் இருக்கு!” என்று அலறினாள் தம்பி மகள். நான் அவளுடைய பவர் பேங்கை எடுத்து, மச்சானின் போனில் சொருகிப் பிடித்துக்கொண்டேன். வயர் ஒரு சாண் நீளம். பத்து ஆண்டுகளில் நாங்கள் அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

“மச்சான், வாசிங்க.”

“வாசிக்கிறேன். முதல்ல நீங்க உங்க வாயால சொல்லுங்க. நானும் அந்தப் பங்காளியும், எங்க ரெண்டு பேர்ல பெரியவன் யாரு?”

திரும்பிப் பார்த்தேன். தம்பி மகளின் கண்கள் நிறைந்திருந்தன. வெளியே நானூறு பேர் பசியோடு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

“நீங்கதான்.”

“சத்தமா.”

“நீங்கதான் பெரியவர். மாத்தி வாசிங்க.”

அதன்பின் நடந்ததை எப்படிச் சொல்வது! மச்சானுக்கு மைக் தேவைப்படவில்லை. கட்டைவிரலைக் கத்திபோல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். வயர் அறுந்துவிடாமல் நான் தோளோடு தோள் ஒட்டி நடந்தேன். அவர் விரல் வழுக்கிவிடாமல் என் மனைவி முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “அறுபத்தெட்டு! கண்ணாடிக் கடைக்காரர்! ஏழாம் மேசை!” என்றதும் கண்ணாடிக் கடைக்காரர் ஓடினார். “எழுபது, எழுபத்தொண்ணு! பல் டாக்டரும் சம்சாரமும்!” கூட்டம் கைதட்டியது. நூறைத் தாண்டியபின் ஒவ்வொரு பெயருக்கும் விசில். “நூத்தி எண்பத்தாறு! நான்!” என்று அவர் முழங்கியபோது கூட்டத்தில் நின்ற பங்காளியே கைதட்டினார். கடைசிப் பெயரை வாசித்து முடித்தபோது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. எனக்கும் சிரிப்பு வந்தது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி மகள் ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, அவரவருக்கு அவரவர் இடம் மட்டும் வரும்படி மாற்றினாள். நான் மறுக்கவில்லை. ஒன்றரைக்கு ஆப் திறந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார் மேலாளர். ஐம்பதாயிரத்தில் செலவானது நானூற்றுப் பன்னிரண்டு.

“ஒரு நாளைக்கு நூறு கல்யாணம்கூட தாங்கும் போலிருக்கே!” என்றார் மேலாளர். அடுத்த மாதத்திலிருந்து வரலாம் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “ஆனா அந்தச் சாரையும் கூட்டிட்டு வாம்மா, குரலுக்கு.”

நான் மச்சானைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. என் வலது கையில் பவர் பேங்க் இருந்தது.