சுத்து ரோட்டில் தண்ணி காட்டியது

கருப்பண்ணன் புதிதாக வேலைக்குப் போன இடத்தை ஊர்க்காரர்கள் சுத்து ரோடு என்று சொன்னார்கள். பென்னாகரம் போகிற வழியில் பெங்களூர்க்காரர் ஒருவர் மேட்டு நிலத்தை வாங்கி, வேலி அடைத்து, நடுவில் தார் ரோடு போட்டிருந்தார். அந்த ரோடு எந்த ஊருக்கும் போகாது. வளைந்து நெளிந்து, கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கெங்கிருந்தோ கார்கள் வந்து அதில் பறக்கும். பறந்து முடித்ததும் லாரியில் ஏறி வூட்டுக்குப் போகும். பறக்கத் தெரிந்த வண்டி வூட்டுக்குப் போக லாரி எதற்கு என்று கருப்பண்ணன் யோசித்துப் பார்த்தார். விளங்கவில்லை.

விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அந்த வேலை அவருக்கு வேண்டும். பாதி ஆயுசு லாரியில் கிளீனராக ஓடி, மிச்சத்தைக் கல் குவாரியில் கழித்தவர் அவர். குவாரித் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே கல்லு பக்கம் போனீங்கன்னா உங்க உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். கல்லை விட்டால் வேறு வேலை யார் தருவார்கள்? அப்போதுதான் மெக்கானிக் சிவக்குமார் கூப்பிட்டார்.

சிவக்குமாருக்குச் சுத்து ரோட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. பூவிழி என்கிற பொண்ணின் சிவப்புக் காரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பூவிழியும் பென்னாகரத்துப் பொண்ணுதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சம்பாதித்ததையெல்லாம் அந்த ரெண்டு சீட்டுக் காரில் போட்டிருக்கிறாள் என்று பேச்சு.

"இந்த வண்டிக்கு ஒரே சீக்குண்ணா," என்றார் சிவக்குமார். "பிரேக் பேடு. காலைல புதுசா மாட்டினா பொழுது சாயறதுக்குள்ள தேஞ்சு போவுது. இன்னிக்கு நீங்க கூட நில்லுங்க. வண்டி உள்ள வந்தா கூடமாட இருந்து பாத்துக்கறது உங்க வேல. சாயங்காலம் வரைக்கும் பேடு தேயாம நின்னுச்சுன்னா இங்கயே இருந்துக்குங்க. தேஞ்சுதுன்னா எனக்கு ஆள் வச்சு என்ன பிரயோசனம்?"

"சரிங்க தம்பி," என்றார் கருப்பண்ணன்.

பேடு என்பதைச் சிவக்குமார் கையில் கொடுத்துக் காட்டினார். பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு. சக்கரத்துக்குள் தட்டு மாதிரி ஒரு டிஸ்க் சுற்றுகிறது. ரெண்டு பக்கமும் ரெண்டு பிஸ்கட் அதை இறுக்கிப் பிடித்தால் வண்டி நிற்கும். இதுவரைக்கும் சரி. அதற்கப்புறம்தான் குழப்பம்.

"பேடு தேயாம இருக்கணும்னா பிரேக்க நல்லா ஓங்கி மிதிக்கணும்," என்றார் சிவக்குமார்.

கருப்பண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் மாதிரி தெரியவில்லை.

"மெதுவா மிதிச்சாத்தானுங்க தேயாது?"

"அங்கதாண்ணா எல்லாரும் ஏமாந்து போறாங்க. மெதுவா மிதிச்சா ரொம்ப நேரம் மிதிக்கணும். ரொம்ப நேரம் உரசினா சூடு ஏறும். சூடுதான் பேட தின்னுது. ஓங்கி ஒரு மிதி, டக்குனு காலை எடுத்தரணும். இந்தப் பொண்ணு இத்தன நாளு காலை பிரேக் மேலயே வச்சிக்கிட்டு ஓட்டியிருக்குது."

"அப்ப நிறைய மிதிச்சா கம்மியா தேயும்."

"ஆமா."

"மிதிக்காமயே இருந்தா?"

"செவுத்துல போய் நிக்கும்," என்றார் சிவக்குமார்.

இன்னும் இருந்தது. கடைசிச் சுற்றை வேகமில்லாமல், பிரேக்கே தொடாமல் ஓட்டி வரவேண்டும். காற்றுப் பட்டு டிஸ்க் ஆறும். வந்து நின்றதும் கைப்பிரேக் இழுக்கக்கூடாது. இழுத்தால் சூட்டில் பேடு டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் வண்டியைத் தள்ளித் தள்ளி விட வேண்டும். கருப்பண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓங்கி மிதி, மிதிக்காதே, நிறுத்து, நிற்கவிடாதே. ஒன்று பிடிபடுவதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிட்டது.

காலை ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பூவிழி வந்து நின்றாள். கருப்பண்ணன் கட்டை வைத்தார், எடுத்தார், தள்ளினார், மறுபடி வைத்தார். சிவக்குமார் டார்ச் அடித்துச் சக்கரத்து இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "தேயவே இல்லண்ணா. அப்பிடியே இருக்குது," என்றார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் கருப்பண்ணனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. என்ன செய்தோம், அதனால் எப்படித் தேயாமல் போனது என்று மட்டும் தெரியவில்லை.

பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டு ஒரு நீலக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு அவளை ஏய்த்துவிட்டு முன்னால் போன கார் அது. அப்போது பார்த்து ரோட்டில் வேறொரு கார் உறுமிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் சிவக்குமாரிடம் சொன்னது கருப்பண்ணன் காதில் அரைகுறையாக விழுந்தது.

"நீல வண்டிக்காரன்... தண்ணி காட்டிட்டாண்ணா... மத்தியானம் நாமளும் தண்ணி காட்டணும்."

"காட்டிரலாம் மேடம். கருப்பண்ணா, ரெடியா இருங்க."

அன்றைக்கு முதல்முறையாகக் கருப்பண்ணனுக்கு ஒரு விஷயம் சுத்தமாக விளங்கியது.

லாரிக்காரர்களுக்குத் தண்ணி காட்டுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். தொப்பூர்க் கணவாய் இறங்கி முடிந்ததும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "டேய், தண்ணி காட்டுடா," என்பார். கிளீனர் குதித்து ஓடி, புகைகிற சக்கரத்தில் வாளி வாளியாக ஊற்ற வேண்டும். வருசக்கணக்கில் கருப்பண்ணன் செய்த வேலை. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி வண்டிக்கும் காட்டுவது. நீல வண்டிக்காரன் அதைச் செய்துதான் ஜெயிக்கிறான் போலிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு குழப்பம் எதற்கு? சூடுதான் பேடைத் தின்கிறது என்று சிவக்குமாரே சொன்னாரே.

"தம்பி, ரெண்டு வாளி போதுங்களா?" என்று கேட்டார்.

சிவக்குமார் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார். "ஆ, போதும் போதும்," என்று குரல் வந்தது.

மத்தியானம் பூவிழி நீலக் காரைப் பிடித்துவிட்டாள். பெரிய வளைவில் உள்பக்கமாகப் புகுந்து முன்னால் வந்தபோது சிவக்குமார் துண்டை எடுத்து ஆட்டினார். ஆனால் ஜெயித்த சந்தோசத்தில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்ட மறந்து, அதே சூட்டோடு உள்ளே வந்துவிட்டாள். முன்சக்கரம் புகைந்தது. பொசுங்குகிற வாடை மூக்கில் ஏறியது. கணவாய் அடிவாரத்து வாடையேதான். கருப்பண்ணனின் கால் தானாக ஓடியது.

முதல் வாளி இடது சக்கரத்துக்கு.

சுர்ரென்று ஆவி கிளம்பி ஆளையே மறைத்தது. அதற்குள்ளிருந்து கண்ணாடி டம்ளர் விரிசல் விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. கருப்பண்ணன் அந்தச் சத்தத்தை லாரியில் கேட்டதில்லை. ரெண்டாவது வாளியைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"அய்யய்யோ, கீழ வைங்கண்ணா," என்று சிவக்குமார் வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

சக்கரத்தைக் கழற்றினார்கள். டிஸ்கில் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் கோடு மாதிரி ஒரு விரிசல்.

"இனி இத ஓட்ட முடியாது," என்றார் சிவக்குமார். "லாரிப் பிரேக்கு டிரம்மு அண்டா மாதிரிண்ணா, தாங்கும். இது தோசைக்கல்லு. காஞ்ச கல்லுல யாராச்சும் வாளியோட ஊத்துவாங்களா? உங்கள யாரு ஊத்தச் சொன்னது?"

"மேடம்தான் சொன்னாங்க. நீங்களும் ரெடியா இருன்னீங்க."

"நானா? நான் எப்பண்ணா சொன்னேன்?" என்றாள் பூவிழி.

"நீல வண்டிக்காரரு தண்ணி காட்டிட்டாரு, நாமளும் காட்டணும்னு."

பூவிழி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமா, அழுகையா, சிரிப்பா என்று கருப்பண்ணனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவன் என்னைய ஏமாத்திட்டுப் போறான்னு சொன்னேண்ணா," என்றாள் கடைசியில். "ஏமாத்தறதுக்கு அப்பிடிச் சொல்றதில்லையா?"

சொல்வதுதான். கருப்பண்ணனும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். போலீசுக்குத் தண்ணி காட்டினான், கடன்காரனுக்குத் தண்ணி காட்டினான் என்றெல்லாம் டீக்கடையில் பேசியவர்தான். சக்கரத்துப் பக்கத்தில் நின்று கேட்டபோது அது மட்டும் ஞாபகத்துக்கு வரவேயில்லை. கையில் இருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி குவாரிதான். மேஸ்திரி கேட்டால் என்ன சொல்வது, டாக்டரம்மாவிடம் எந்த முகத்தோடு போவது என்று மனசு அதற்குள் அங்கே போய்விட்டது.

"தம்பி, நான் கெளம்பட்டுங்களா?"

சிவக்குமார் பேடுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தால் சுரண்டினார்.

"மேடம், இதப் பாருங்க. பாதிகூட தேயல."

"அதான் டிஸ்க்கு போச்சேண்ணா."

"டிஸ்க்கு போச்சு. பேடு நிக்குது. நான் இவருகிட்ட பேடு நின்னா வேலைன்னுதான் சொன்னேன். டிஸ்க்கப் பத்தி ஒரு வார்த்த பேசல. சொன்ன சொல்ல மாத்த முடியுமா?"

"வண்டியே ஓடலன்னா பேடு எப்பிடிண்ணா தேயும்? மத்தியானத்தோட நின்னுபோச்சே," என்றாள் பூவிழி. "இதெல்லாம் ஒரு கணக்கா?"

"அதும் சரிதான்," என்றார் சிவக்குமார். யோசித்தார். "சூட்டோட உள்ள வந்தது யாரு மேடம்? கடைசி ரவுண்டு ஆற வச்சிட்டு வந்திருந்தா தண்ணி பட்டாலும் வெடிச்சிருக்காது."

பூவிழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கருப்பண்ணன் பக்கம் திரும்பி, "நாளைக்கு வந்துருங்கண்ணா. வாளிய மட்டும் தொடாதீங்க," என்றாள்.

திட்டுவதற்குப் பதிலாக வரச் சொல்கிறாளா, வரச் சொல்லிவிட்டுத் திட்டப்போகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் அதற்குள் டிஸ்கின் மேல் குனிந்து, புதுசு எங்கே கிடைக்கும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர் பாட்டுக்குக் கட்டைகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தார்.

பஸ்சுக்கு நின்றபோது போன் அடித்தது. சம்சாரம் ராமக்காள். காலையிலேயே பேடு கணக்கை அவளிடம் போனில் சொல்லியிருந்தார்.

"வேல இருக்குதா, இல்லியா?"

"இருக்குது."

"பேடு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்பறம் ஏன் சுரத்தே இல்லாம பேசற?"

"டிஸ்க்கு வெடிச்சிருச்சு. நான்தான் வெடிக்க வச்சேன்."

"வெடிக்க வச்சதுக்கா வேல குடுத்தாங்க?"

"ஏன் குடுத்தாங்கன்னு எனக்கே தெரியலடி. நாளைக்குப் போய்க் கேக்கணும்."

"கேக்காத," என்றாள் ராமக்காள். "கேட்டா யோசிப்பாங்க."

பஸ் வந்தது. கருப்பண்ணன் ஏறி உட்கார்ந்தார்.