கடைசிப் புதருக்குப் பின்னால்

"உனக்குக் கத்தத் தெரியுமா, தெரியாதா?" என்று அத்தை என்னைக் கேட்டாள், ஊரே நின்று பார்க்கும்போது.

பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லக் கூச்சப்பட்டே படிப்பை விட்டவள் நான். என்னிடம் கேட்கிற கேள்வியா இது?

எங்கள் ஆட்கள் காட்டுப் புல்லுக்குத் தீ வைத்தால், ஒருவர் முன்னால் கத்திக்கொண்டே போகவேண்டும். முயல், பாம்பு எல்லாம் விலகிக்கொள்ளும். அது மாமாவின் வேலை. ஆனால் தீ வைக்கத் தடை போட்டு வருடக்கணக்காகிவிட்டது. சருகு மண்டி, போன கோடையில் பாதிக் காடு எரிந்தது. பழையபடி பனிக்காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்த விடுங்கள் என்று வனத்துறை அதிகாரியிடம் வாதாடி வாதாடி மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அதிகாரி ஒரு சரிவை மட்டும் கொளுத்தச் சம்மதித்தார். அத்தையின் தீப்பெட்டியை வாங்கி, ஒரே குச்சியை மட்டும் கொடுத்து, பெட்டியைத் தானே நீட்டி உரசவிட்டார். பிறகு பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு உயிர் கருகினாலும் இதோட சரி. அப்புறம் யாரும் கேட்டு வரக்கூடாது."

மாமாவுக்குப் பதிலாக நான் முன்னால் நடந்தேன். "கொஞ்சம் எழுந்து போறீங்களா?" என்று ஒவ்வொரு புதரிடமும் சொன்னேன்.

"அடியே, முயலுக்குக் காது நீளம்தான். அதுக்காக ரகசியமா சொல்றது?" என்று பின்னாலிருந்து அத்தை.

ஈரப் புல்லில் தீ, மேய்கிற மாடு மாதிரி நிதானமாக வந்தது. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அதிகாரியை நடுவில் காணோம்.

கடைசிப் புதருக்குப் பின்னால் அவர் கால்சட்டையை இறக்கிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். காதில் பாட்டுக் கேட்கிற கருவி. அந்தக் கோலத்தில் ஒரு பெரிய மனிதரை எப்படிக் கூப்பிடுவது? முதுகைக் காட்டி நின்று கனைத்தேன். இருமினேன். அவர் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். புதரின் அந்தப் பக்கம் தீ படபடத்தது. ஒரு உயிர் கருகினாலும் இதோட சரி.

"ஐயா! எழுந்து ஓடுங்க ஐயா!"

மலை முழுக்கக் கேட்டதாம். கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையைக் கடந்து ஓடினார். மாமாவின் சிரிப்பு விசில் மாதிரிதான் வெளியே வந்தது.

"எல்லா உயிரும் பத்திரம், சார்!" என்றாள் அத்தை.

பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அதிகாரி திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். ஜீப்பில் ஏறினார். கிளம்பிப் போய்விட்டார்.