பட்டினிச் சோதனை

கணினிப் பத்திரிகை வாசகர்கள் அவனுக்கு வைத்த பெயர் கத்தரி. வீட்டுக் கணினிக்கு வரும் புது விளையாட்டுகளை அவன் நறுக்கித் தள்ளுவதைப் படிக்கவே சந்தா கட்டியவர்கள் உண்டு. அவன் மட்டம் என்று எழுதினால் கடைக்காரர்கள் அந்த விளையாட்டை வாங்கி வைக்கவே மாட்டார்கள்.

அந்த மாதம் வந்தது விநோதமான சரக்கு. சுட எதிரி இல்லை, தாண்டப் பள்ளம் இல்லை. முன்சுவரைக் கழற்றி வைத்ததுபோல் திரையில் ஒரு மாடி வீடு. உள்ளே ஒரு குட்டி மனிதர் குடியிருந்தார். பியானோ வாசிப்பார், பேப்பர் படிப்பார். விசையைத் தட்டினால் அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் போகும். அவ்வளவுதான். ஒரு பத்திரிகை 'மீன் இல்லாத மீன்தொட்டி' என்று கேலி செய்துவிட்டது. இன்னொன்று 'இதில் ஜெயிப்பது யார்?' என்று கேட்டது.

கத்தரி சோதிக்காமல் வெட்டமாட்டான். விளையாட்டை ஓடவிட்டு ஒரு வாரம் விசைப்பலகையைத் தொடாமல் இருப்பான். அதற்குப் பட்டினிச் சோதனை என்று பெயர். இந்த முறையும் வீட்டிலிருந்த ஒரே டிவியில் கணினியை மாட்டி, "இதைத் தொட்டுடாதே" என்று புது மனைவியிடம் சொல்லிவிட்டு அலுவலகம் போனான். மாலையில் வந்து பார்த்தால் மனிதர் ஜம்மென்று இருந்தார். எல்லா மாலையும் அப்படியே.

பக்கம் அச்சுக்குப் போகும் நாள் காலையில், முந்தின நாள் கொடுத்த விமர்சனத்தின் நகலை அவளுக்குப் படித்துக் காட்டினான்.

"'ஒரு வாரம் ஒரு பருக்கை போடவில்லை. ஆனாலும் மனிதர் கல்லுக்குண்டாக இருக்கிறார். ஆட்டக்காரரே தேவைப்படாத ஆட்டம். பத்துக்கு இரண்டு.' எப்படி?"

அவனுடைய டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"கொழுந்தனாருக்கு ரெண்டு மார்க்தானா?"

"எந்தக் கொழுந்தனார்?"

அவள் மோவாயால் டிவியைக் காட்டினாள். "தினமும் சாப்பாடு போட்டது நான்."

"தொடாதேன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. ரெண்டாம் நாள் மத்தியானம் பார்த்தா, மூஞ்சியெல்லாம் பச்சையா கட்டில்ல சுருண்டு கிடக்கறார். அப்புறம் எழுந்து வந்து கும்பிடாத குறையா டிவி கண்ணாடியைத் தட்டறார். நான் உங்க பேச்சைக் கேக்கறதா, அவர் வயித்தைப் பாக்கறதா?"

கத்தரி நகலைப் பார்த்தான். அதில் ஒரு வரிகூட உண்மையில்லை.

"நீ எதுக்கு மத்தியானம் கடையிலேர்ந்து மேலே வந்தே?"

"சாப்பிடத்தான்." அவளுக்குக் கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்தும் வேலை. "அவருக்கு வச்சுட்டு நானும் தட்டோட உக்காருவேன். மேஜைல உக்காந்து பதவிசா சாப்பிடுவார். தனியா சாப்பிட்டா எனக்கு இறங்கறதே இல்லை. இப்பதான் ஒரு வாரமா ரெண்டு வாய் கூடப் போகுது."

அவன் போய்ப் போனை எடுத்து ஆசிரியரைக் கூப்பிட்டான்.

"சார், என் பக்கத்தை நிறுத்துங்க. விமர்சனம் தப்பு."

"மெஷின் ஓடப் போவுதுய்யா! கத்தரிக்கு என்ன ஆச்சு, மழுங்கிப் போச்சா?" என்று ஆசிரியர் கத்தியது அடுப்படி வரை கேட்டது.

"அந்த ஆளுக்கு ஆள் வேணும் சார். சாப்பாடு இல்லைன்னா படுத்துடறார். என் கண்ணுல படலை, அவ்வளவுதான். எழுதிக்குங்க, சொல்றேன்."

சொன்னான். நறுக்குவதுபோல் வரவில்லை, திக்கித் திக்கி வந்தது.

"சரி, மார்க்?"

"ஏழு."

"எட்டு!" என்றாள் பின்னாலிருந்து.

"யாருய்யா அது?"

"சோதனை செஞ்சவங்க சார். எட்டுன்னே போடுங்க."

அன்று மதியம் அவள் மாடிக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. காலையில் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இரண்டு தட்டுகள். கத்தரி சட்டைக் கையை மடித்துவிட்டு விசைப்பலகை முன்னால் குனிந்திருந்தான்.

"அவருக்கு வச்சாச்சா?" என்றாள்.

"அவருக்கும் வச்சாச்சு. கை கழுவிட்டு வா."

திரையில் குட்டி மனிதர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்.