நிலக்சனாவுக்குக் காய்ச்சல்

நெடுந்தீவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் விசேட கல்வி அலகுக்கு நான் தவணைக்கு ஒருமுறை, வருடத்தில் மூன்று தடவை, போவேன். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்று பார்த்துப் படிவம் நிரப்புவதுதான் என் உத்தியோகம். ஒரு வாரத்துக்கு முன்பே கடிதம் போட்டுவிட்டுத்தான் போவது எங்கள் அலுவலக வழக்கம். நாள் சொல்லிவிட்டுக் கள்ளன் பிடிக்கப் போகிற வேலை.

அன்றும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று கூட்டித் துடைத்த வீடு மாதிரி வகுப்பறை. ஏழு பிள்ளைகள் பாயில் அமர்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். பிரேமினி டீச்சரும் அவர்களோடு பாயில் இருந்தார். நல்ல டீச்சர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரவு இடாப்பில் எட்டுப் பெயர் இருந்தது.

"நிலக்சனா வரேல்லையோ?"

"காய்ச்சல் சேர்," என்றார் டீச்சர், என்னைப் பார்க்காமல்.

நான் வருகிற நாளிலெல்லாம் நிலக்சனாவுக்குக் காய்ச்சல். மூன்று வருடமாக அவளை நான் கண்டதில்லை. முதல் இரண்டு தடவை துருவிக் கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன், துருவிக்கொண்டிருந்தால் தீவிலிருந்து திரும்பும் படகு போய்விடும்.

தனியாக உதவியாளர் தேவைப்படும் மாணவர் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஒன்பதாவது முறையாக 'இல்லை' என்று எழுதினேன். பள்ளிக்கூட அதிபர் தியாகலிங்கம் முத்திரை குத்தி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, நண்டுக்கறியோடு சோறு போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டவன் நான்.

இறங்குதுறையில் ஒரு பெண் வழிமறித்தாள். பக்கத்தில் ஒன்பது வயதிருக்கும் பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையில்.

"நான் றோஸ். நிலக்சனாவின்ரை அம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லை சேர். நீங்கள் வாற நாளிலை அனுப்பவேண்டாம் எண்டு சொல்லிவிடுவினம். கத்துவாள், கடிப்பாள். நீங்கள் கண்டால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேராம்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"வாற தவணை தொடக்கம் இவளை அனுப்பவே வேண்டாமாம். உதவிக்கு ஆளில்லாமல் பாக்க ஏலாதாம். ஆள் ஏன் தரேல்லை எண்டு கேட்டனான். நீங்கள் தேவையில்லை எண்டு எழுதியிருக்கிறீங்களாம். மனுசன் கடலுக்குப் போறவர், நான் கருவாட்டு வாடியிலை வேலை. இவளை வீட்டிலை கட்டித்தான் வைக்கவேணும். ஒருக்காப் பாருங்கோ சேர். பாத்திட்டு எழுதுங்கோ."

பார்த்தேன். பிள்ளை கடலைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள்.

"அமைதியாத்தானே நிக்கிறா," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எந்த நேரமும் இப்பிடி இல்லை சேர்."

"சேர், ஏறுங்கோ. வெளிக்கிடப் போறம்," என்றார் படகுக்காரர்.

றோஸ் படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, சதையைப் பிடித்துக் கிள்ளித் திருகினாள். பிள்ளை கையை இழுத்தாள், அவ்வளவுதான். றோஸ் இன்னும் பலமாகத் திருகினாள்.

பிள்ளை கத்தினாள். படகில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அவள் தன் மணிக்கட்டைத் தானே கடித்தாள், நிலத்தில் விழுந்து தலையை அடிக்கப் போனாள். றோஸ் அவளோடு சேர்ந்து விழுந்து, தலைக்கும் சீமெந்துக்கும் நடுவே தன் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்டனீங்கள்தானே சேர். இதை எழுதுங்கோ."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபின் சொந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. இப்போது 'உண்டு' என்று எழுதினால், பழைய ஒன்பது 'இல்லை'யும் பொய்யென்று என் வாயாலேயே சொன்னதாகும். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இவ்வளவும் அந்தச் சத்தத்துக்குள் நின்றபடி யோசிக்க முடிந்தது.

"ஓம், எழுதுறன்," என்றேன்.

"மாதா உங்களைக் கைவிடமாட்டா சேர்," என்றாள் றோஸ், பிள்ளையின் கையில் சிவந்திருந்த இடத்தை ஊதிக்கொண்டே. எழுதமாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.