காய் முற்றும்வரை

பூவும் காயும் இல்லாமல் ஒரு செடிக்குப் பெயர் சொல்ல முடியாது. இதை நான் பஸ்மியாவுக்குச் சொல்லிக் கொடுத்த நாளை நினைத்தால் என்மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஏழு வருடமாக நான் விவசாயத் திணைக்களத்தில் ஒப்பந்த உதவியாளர். அதாவது, வருடா வருடம் பல்லைக் காட்டி வேலையைப் புதுப்பித்துக்கொள்பவள். துறைமுகத்திலிருந்து வரும் கோதுமை லொறிகள் வீதியில் சிந்தும் தானியத்தோடு வெளிநாட்டுக் களைகளும் முளைக்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு அறிக்கை தந்தால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாக அதிகாரி தம்பிராசா சொல்லியிருந்தார்.

குறிஞ்சாக்கேணி ஊரிலிருந்து வரும் பஸ்மியா அந்த வீதியோரத்தில்தான் கடுகுக்கீரை பிடுங்கி விற்பாள். மாரி முழுக்க அவள் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான்.

“இது வீட்டுக் கடுகோ, வெளிநாட்டுக் காட்டுக் கடுகோ எண்டு பார்த்துச் சொன்னாத்தான் என்ர வேலை நிரந்தரமாகும். காய்க்கும்வரைக்கும் பிடுங்காம விடுங்கோ, பஸ்மியா,” என்றேன்.

“பூத்தா கசக்கும் அக்கா, ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. மொட்டு வர முந்தியே வேரோட எடுத்திருவன்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “உங்கட வேலை நிரந்தரமாகுமெண்டா விடுறன். ஒரு மாரிதானே.”

விட்டாள். தை மாதம் வீதியோரம் மஞ்சளாகியது. நான் பூதக்கண்ணாடியோடு குந்தியிருந்தேன். நாலு இதழ், சிலுவைபோல. நாய்க்கடுகுக்கும் நாலு இதழ்தான். ஆனால் அதில் மகரந்தத்தாள்கள் கும்பலாக நிற்கும், தண்டு கையில் ஒட்டும். இதில் ஆறே ஆறு: நாலு நெட்டை, இரண்டு கட்டை. கடுகுக் குடும்பமேதான். ஆனால் தண்டில் முரட்டு மயிர், காய் நுனியில் நீண்ட அலகு. வீட்டுக் கடுகு இல்லை! சின்னப்பிள்ளைபோலத் துள்ளினேன்.

காய்கள் வெடித்தன. அடுத்த மாரியில் செடி தண்டவாளத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் போய்விட்டது.

“முந்தி ஒரு மூலையில நிண்டது இப்ப ஏன் பரவினது?” என்று தம்பிராசா கேட்டார். “காரணம் எழுதாம அறிக்கை அனுப்பேலாது.”

காரணம் எனக்குத் தெரியும். இத்தனை காலமும் அதைப் பரவ விடாமல் வைத்திருந்தது பஸ்மியாவின் கை. காய்க்க விட்டது நான். அதை எழுதினால் வேலை போய்விடும். ‘கீரை பிடுங்குவோரால் விதை பரவுகிறது’ என்று எழுதினேன். ஒப்பமிட்டுத் தம்பிராசாவின் மேசையில் வைத்தேன்.

நியமனக் கடிதம் வந்த கிழமையே வீதியோரத்தில் பலகையும் வந்தது: ‘களை விதை பரவுவதால் கீரை பிடுங்கத் தடை.’ கூடவே ஒரு காவலாளி.

இரண்டு நாள் கழித்துப் பஸ்மியா கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன் கதிரையில் இருந்தாள்.

“வேலை நிரந்தரமாயிட்டாமே அக்கா! நோன்பில எல்லாம் உங்களுக்காக அல்லாஹ்ட்ட துஆக் கேட்டனான்.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “என்னை அங்க விடுறானில்ல. பூக்க முந்தியே எடுக்கிறவள் நான், என்னால எப்படிப் பரவும்? உங்களுக்குத் தெரியுந்தானே. ஐயாட்ட ஒரு சொல் சொல்லுங்க.”

பக்கத்து மேசையில் தம்பிராசா தலையை நிமிர்த்தினார்.

“ஆர் இவ? உமக்குத் தெரிஞ்ச ஆளோ?”

“தெரியாது, சேர்,” என்றேன்.

 பஸ்மியா கீரை அள்ளும் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.