எந்த ஸ்கூல்?

ரசியா பேகம் பி.ஏ. பட்டதாரி என்பதைத் திருவாரூர் குத்தகைப் பதிவு அலுவலகத்தில் யாரும் மறுக்கவில்லை. நம்பவும் இல்லை, அவ்வளவுதான். கூத்தாநல்லூரில் வீட்டுக்குள்ளேயே படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனித்தேர்வராக எழுதி, பட்டத்தைத் தபாலில் வாங்கியவள். பரீட்சை எழுதப் போன நாட்களைத் தவிர, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

சேர்ந்த முதல் நாளே தலைமை எழுத்தர் இராஜாங்கம், "எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் படிச்சேன் சார்."

"அப்ப வாத்தியார்கிட்ட அடியே வாங்கினதில்லையா? அடடா, அரைப் படிப்புதான்!"

ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து கோப்புகளுக்கு நூல் கோக்கிற வேலை அவளுக்கு. மற்றவர்கள் தப்பு செய்தால் அது வெறும் தப்பு. அவள் செய்தால், 'ஸ்கூலுக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்.' இந்த நியாயத்தை எந்த ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்களோ!

அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் எல்லோரும் பெஞ்சுக் கதை பேசுவார்கள். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தது, யாருக்கு யார் விடையைக் காட்டியது. அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டு முற்றத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்தி விளையாடுவான். தன் பேரையும் ஒரு நாள் யாராவது வரிசையில் கூப்பிட மாட்டார்களா, பக்கத்தில் ஒருத்தி இருக்க மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறாள். இருபத்து நான்கு வயதாகியும் அந்த ஏக்கம் போகவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அது எழுபத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். வெறும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர்களின் பேரைப் பதிவேட்டில் ஏற்றும் விசாரணை நடந்தது. பேர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. காளியம்மாள் என்கிற விதவையின் மனுவை ரசியாதான் கோப்பில் கோத்திருந்தாள். புருஷன் செத்த பிறகும் அதே ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் பயிர் செய்கிறவள். முந்தைய இரண்டு வாய்தாவிலும் 'ஆஜர் இல்லை' என்று எழுதியிருந்தது. இன்றும் வராவிட்டால் மனு தள்ளுபடி, நிலமும் போச்சு.

தாசில்தார் முன்னால் இராஜாங்கம் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். நாலெழுத்து படித்தவர்கள் "உள்ளேன் ஐயா" என்று உள்ளே வந்தார்கள்.

"காளியம்மாள்!"

மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. மிராசுதாரின் காரியஸ்தர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ரசியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஒருத்தி துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறையும் பேர் கேட்டு நிமிர்ந்தாளே தவிர, நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ரசியா கோப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"நீங்க காளியம்மாளா? கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்திச்சும்மா. போன ரெண்டு வாட்டியும் விழுந்திச்சு. பேரைத்தான் சொன்னாங்க. உள்ள வான்னு யாரும் சொல்லலியே?"

மிராசுதார் வீட்டு வாசலில் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றே பழகியவள் இவள். பேர் கூப்பிட்டால் என்ன செய்வதென்று ஊரில் எல்லோருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இவளையும் தன்னையும் தவிர.

"வாங்க" என்று அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

இராஜாங்கம் அதற்குள் பேனாவைத் திறந்திருந்தார். "பேர் கூப்பிட்டா குரல் கொடுக்கத் தெரியாதா? நீ எந்த ஸ்கூல்ல படிச்ச?"

காளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் ஸ்கூல்தான் சார்" என்றாள் ரசியா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தாசில்தார் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "இன்னொரு வாட்டி கூப்பிடுங்க" என்றார்.

"காளியம்மாள்!"

ரசியா அவள் காதோரம் குனிந்து சொல்லிக்கொடுத்தாள்.

"உள்ளேன் ஐயா" என்றாள் காளியம்மாள். ரசியாவின் கையை அவள் விடவில்லை. தாசில்தார் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பேரைத் தானே எழுதினார்.

இராஜாங்கம் அடுத்த பேருக்காகத் தாளைப் புரட்டினார். அது தன் பேராக இருக்கக்கூடாதா என்று ரசியாவுக்கு இருந்தது. பதில் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

"அய்யாக்கண்ணு!" என்று கூப்பிட்டார் இராஜாங்கம்.