எந்த நாட்டில் செய்தது

வீட்டில் அவளுக்குப் பெயரே 'படிச்சவ'. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால் வந்த பட்டம். பல்பு எரியாவிட்டாலும் படிச்சவளைக் கூப்பிடு, பல்லி செத்துக் கிடந்தாலும் படிச்சவளைக் கூப்பிடு. அவள் அந்தப் படியேற வேண்டும் என்பதற்காக எட்டாம் வகுப்போடு இறங்கிக்கொண்டவள் அக்கா. அன்று முதல் பதினெட்டு வருஷமாக, சட்டைக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கிறாள். மெஷின் முதலாளியம்மாவுடையது, முதுகுவலி மட்டும் அக்காவுடையது.

படிச்சவளுக்கு ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குக் காகிதம் தயாரித்து, வரி கட்டி, சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பார்கள். அதனால்தான் போன வருஷம், வெளிநாட்டில் மூடப்போகிற ஒரு ஃபேக்டரி தன் பழைய எம்பிராய்டரி மெஷின்களை மலிவாகத் தள்ளிவிடுகிறது என்று தெரிந்ததும், அக்கா நேராக இவளிடம் வந்தாள்.

"வரி எவ்வளவுடி ஆகும்?"

ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பை மாட்டியபடியே சொன்னாள். "மெஷின் விலை நூறுன்னு வெச்சுக்கோ. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்து நூத்தியிருபது. வரி அந்த நூத்தியிருபதுக்குத்தான்."

"கப்பல்ல வந்த கூலிக்குமா? அது மூச்சு விட்டதுக்கும் போடுவாங்களா?"

"குறுக்க பேசாதக்கா. இறக்குமதி வரி பத்து சதவீதம். ஆனா அந்த நாட்டோட ஒப்பந்தம் இருக்கு, அங்க செஞ்ச சாமானுக்கு அது சைபர். அப்புறம் விற்பனை வரி பதினஞ்சு சதவீதம். நூத்தியிருபதுக்குப் பதினெட்டு ஆச்சு. நீ இருபது வெச்சிரு, போதும்."

அக்கா இருபது வைத்திருந்தாள். கம்மலைக் கழற்றி, சீட்டை முன்னதாகவே எடுத்து, மெஷின் விலை, கப்பல் கூலி போக மிகச் சரியாக இருபது.

படிச்சவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த சைபர் தானாக வராது. 'இது எங்கள் நாட்டில் செய்ததுதான்' என்று அந்த ஊர் அலுவலகம் முத்திரை குத்திய சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து சதவீதம். இந்தக் காகிதத்துக்காக அவள் வியாபாரிகளைத் தினமும் வறுத்தெடுப்பாள். சொந்த அக்காவிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

சரி, மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கா கேட்டாளே!

அவள் கேட்ட அன்று ஆபீஸில் சுங்க அதிகாரிகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபோன் அடித்தது. அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏண்டி, மெஷின் விக்கிறவங்க என்னமோ காகிதம் வேணுமான்னு கேக்கறாங்க. எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதித் தருவாங்களாம். அதுக்குத் தனியாக் காசாம். வேணுமா?"

அதிகாரிகளில் ஒருவர் சிரித்தார். எதற்குச் சிரித்தாரோ, யார் கண்டது? படிச்சவளுக்குக் காது சுட்டது. எட்டாம் வகுப்புக் குரல் ஏசி அறை முழுக்கக் கேட்கிறதே என்ற வெட்கம், வேறு ஒரு மண்ணும் இல்லை.

"ஒண்ணும் வேணாம். ஃபோனை வை, வேலையா இருக்கேன்."

அக்கா வைத்துவிட்டாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

மெஷின் துறைமுகத்தில் இறங்கிய பிறகு, காகிதக் கட்டைப் புரட்டிய ஏஜெண்ட் நிமிர்ந்தார். "யார்மா இந்தப் பார்ட்டி? சர்டிபிகேட் வாங்காம விட்டிருக்கு, விவரங்கெட்ட ஜென்மம்."

"எங்க அக்கா சார். விவரம் கெட்டது நான்தான்."

ஏஜெண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அனுப்பினவங்களைக் கேட்டுப் பாரு."

கேட்டாகிவிட்டது. ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், ஃபோனை எடுக்கக்கூட ஆளில்லை.

கால்குலேட்டரை இழுத்து மறுபடி போட்டாள். நூற்றியிருபதுக்குப் பத்து சதவீதம் பன்னிரண்டு. அதையும் சேர்த்தால் நூற்று முப்பத்திரண்டு. விற்பனை வரி இப்போது இதன் மேல், கிட்டத்தட்ட இருபது. ஆக முப்பத்திரண்டு. அக்காவிடம் இருப்பது இருபது. இதில் துறைமுகத்தில் மெஷின் கிடக்கும் இடத்துக்கு வாடகை வேறு நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. சம்பளத்தில் முன்பணம் கேட்டாள். கல்விக் கடன் தவணை போகக் கையில் வந்தது, துண்டு விழுந்த பன்னிரண்டில் பாதிக்குக்கூடக் காணவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அக்கா அடுப்படியில் நின்றிருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது, "முதலாளியம்மா எடுத்துக்கறேங்கறாங்க," என்றாள் அக்கா. "நான் போட்ட காசைக் குடுத்துடறாங்களாம். வரியும் அவங்களே கட்டிப்பாங்களாம். ஓட்டறதுக்கு என்னையே வெச்சுக்கறாங்களாம்."

"அக்கா, என்னைத் திட்டேன்! நாலு அறை விடேன்!"

"போடி. சோறு ஆறுது."

மறுநாள் படிச்சவள்தான் சுங்க அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். இறக்குமதி செய்பவர் பெயர் என்ற கட்டத்தில் அக்கா பெயரை அழித்துவிட்டு முதலாளியம்மா பெயரை அடித்தாள். அந்தக் கட்டத்தில் அக்கா பெயரைப் பார்க்கத்தான் இத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது, அழித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பத்து நாள் கழித்துத் தையல் கூடத்துக்குப் போனாள். அக்கா அந்த எம்பிராய்டரி மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், சொந்த மெஷினைத் துடைக்கிற மாதிரி. அடிப்பக்கம் ஒரு பித்தளைத் தகடு, அதில் செதுக்கிய எழுத்து.

"இங்க வா. இது என்னன்னு படி."

படிச்சவள் குனிந்து படித்தாள். எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருந்தது.

"அவ்வளவு பெரிசா எழுதியிருக்கே. இதைப் பாத்தா போதாதா உங்க ஆபீசருங்களுக்கு?"

"போதாதுக்கா. காகிதம் வேணும்."

"அதைத்தானேடி அன்னிக்குக் கேட்டேன்," என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். அடுத்த துணியை ஊசிக்கடியில் வைத்து மெஷினை ஓடவிட்டாள். அந்தச் சத்தத்தில், படிச்சவள் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.